பெயர்ப்பலகை வேலையில் வாடிக்கையாளர் விருப்பமும் நல்ல வடிவமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலகைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மெஷினைப் பற்றியும் மெட்டீரியலைப் பற்றியும் கேட்பது குறைவு. "பார்ட்டி இப்படிக் கேட்கிறார். செய்தால் அசிங்கமாக இருக்கும், செய்யாவிட்டால் ஆர்டர் போய்விடும். என்ன செய்யலாம்?" என்பதுதான் பாதிக் கேள்வி. அப்படி வந்தவற்றைத் தொகுத்து, எனக்குப் பட்டதை எழுதியிருக்கிறேன். கடைசி இரண்டு கேள்விகள் போர்டு செய்யக் கொடுப்பவர்கள் கேட்டவை.

பணம் கொடுப்பவர் அவர். கேட்டபடி செய்துகொடுத்துவிட்டுப் போனால் என்ன தப்பு?

பாதி விஷயங்களில் தப்பே இல்லை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலையே.

ஒரு பக்கம் ரசனை. பச்சையா நீலமா, ஓரத்தில் பூவேலை வேண்டுமா, எழுத்து நேராக நிற்கட்டுமா சாயட்டுமா என்பதெல்லாம் இதில் சேரும். எனக்குப் பிடிக்காதது அவருக்குப் பிடித்திருந்தால் அவர் சொல்வதே சரி. வருடக்கணக்கில் அந்தப் பலகைக்குக் கீழே உட்காரப்போவது அவர்தான்.

இன்னொரு பக்கம் வாசிப்பு. ரோட்டில் போகிறவர் கண்ணுக்கு அது எட்டுமா எட்டாதா? இது என் விருப்பத்தையோ அவர் விருப்பத்தையோ பொறுத்ததில்லை, அளந்து சொல்லிவிடலாம். இங்கே நான் வாய் திறந்தே ஆக வேண்டும். தகடும் விளக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தக் கணக்குக்காகத்தான் அவர் என்னிடம் வந்திருக்கிறார், அவருக்கே அது தெரியாவிட்டாலும்.

புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறத்துக்காக அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பார்கள். மூன்றடி உயரப் பலகையில் பதினைந்து வரியைத் திணிக்கச் சொன்னால் "சரி சார்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் போர்டிலேயே போடச் சொல்கிறார். எப்படிக் குறைப்பது?

முதலில், "குறையுங்கள்" என்று சொல்லாதீர்கள். தன் தொழிலையே சின்னதாக்கச் சொல்வதாகத்தான் அது அவர் காதில் விழும். "இதையெல்லாம் போட வேண்டும் என்று ஏன் தோன்றியது?" என்று கேளுங்கள்.

வீட்டுச் சாமான்கள் பழுது பார்க்கும் ஒருவர் பதினான்கு வேலைகளின் பட்டியலோடு வந்தார். அவை எல்லாம் பலகையில் வர வேண்டும், மேலே கடைப் பெயரும் வேண்டும். பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. தினமும் கடையைத் தாண்டிப் போகிற ஒருவரே, "நீங்க மோட்டாரும் பார்ப்பீங்களா? தெரியாமப் போச்சே!" என்றாராம், மோட்டாரை வேறு இடத்தில் கொடுத்து முடித்த பிறகு. அந்த வயிற்றெரிச்சல்தான் பதினான்கு வரியாக வந்து நின்றது. கவலை நியாயமானது. அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் கேட்காது.

காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பலகை மூன்றடி உயரம், அதாவது 36 அங்குலம். பெயரோடு சேர்த்துப் பதினைந்து வரி என்றால் வரிக்கு 2.4 அங்குலம். இடைவெளி போக எழுத்துக்கு மிஞ்சுவது ஒன்றரை அங்குலம். அந்த எழுத்தை 15 அடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் வாசிக்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 45 அடி ஓடுகிறது. ஆக 15 அடியைத் தாண்ட மூன்றில் ஒரு பங்கு நொடி. "அதற்குள் பதினான்கு வரி படிக்கணும் சார்" என்றேன். சிரித்துவிட்டார்.

முடிவில் பலகையில் பெயரைப் பெரிதாகவும், அதற்குக் கீழே அவருக்கு அதிகம் வரும் மூன்று வேலைகளையும் போட்டோம். பட்டியல் முழுவதும் வாசல் கண்ணாடியில், கண் மட்டத்தில், ஸ்டிக்கர் எழுத்தில் போனது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பவருக்கு அவசரமில்லை, பதினான்கையும் படிப்பார். ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. இடத்தைத்தான் மாற்றினோம்.

பட்டியலை வரிசைப்படுத்த ஒரு வழி வைத்திருக்கிறேன். "ஒரே ஒரு சொல்தான் போடலாம் என்றால் எது?" என்று கேட்பேன். சொன்னதும், "சரி, இன்னும் ஒன்று?" அப்புறம் மூன்றாவது. நாலாவதில் பெரும்பாலும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யோசிக்க ஆரம்பித்தால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

காலி இடத்தைப் பார்த்தாலே சிலருக்குப் பொறுக்கவில்லையே?

சதுர அடிக்குக் காசு வாங்குகிற தொழில் இது. "சும்மா கிடக்கிற இடத்துக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறேன்?" என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எழுத்தும் படமும் சேர்ந்து பலகைப் பரப்பில் 40 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, ஒரே பெயரை இரண்டு காகிதத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்றில் ஓரம் வரை முட்டும் எழுத்து, மற்றதில் சுற்றிலும் இடம் விட்ட எழுத்து. அவரைப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். எது முதலில் கண்ணிலிருந்து மறைகிறது என்று அவரே சொல்லட்டும். நான் இதைச் செய்த இடங்களில் மேற்கொண்டு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

எழுத்து உயரத்துக்கு ஏதாவது கணக்கு உண்டா?

10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது தாராளமான கணக்கு. நிறமும் எழுத்துருவும் நன்றாக அமைந்தால் அதே 1 அங்குல எழுத்தை 30 அடி வரை இழுக்கலாம், ஆனால் அதுதான் எல்லை. 200 அடிக்கு அப்பாலிருந்தே தெரிய வேண்டும் என்றால் 20 அங்குலம் வசதி. 7 அங்குலத்துக்குக் கீழே போனால் வீண்.

இவை ரோமன் பெரிய எழுத்துகளை, அதாவது ஆங்கிலக் கேபிடல்களை, வைத்து வந்த அளவுகள். தமிழில் சுழியும் வளைவும் அதிகம். 'ணை', 'ஞ', 'ஜ' போன்றவற்றில் உள்ளே இருக்கும் இடைவெளி முதலில் அடைந்துபோகும். அதனால் தமிழுக்கு நான் கால் பங்கு கூட்டிப் போடுவேன். அளக்கும்போது 'கி'யின் மேல்வளைவான விலங்கையோ 'கு'வின் கீழ்வளைவையோ சேர்க்காமல் 'ப', 'க' இவற்றின் உடம்பை மட்டும் அளக்க வேண்டும். ஃபான்ட் சைஸை நம்பினால் ஏமாந்துபோவோம்.

எங்கிருந்து வாசிக்கப்படும் என்பதும் முக்கியம். வாடிக்கையாளர் தன் கடைக்கு நேர் எதிரே நின்று பார்த்துத் தலையாட்டுவார். வண்டியில் வருபவர் பக்கவாட்டில் வருகிறார், அவருக்கு அதே பலகை ஒடுங்கித் தெரியும். எழுத்தைப் பெரிதாக்குவதைவிட, சுவரிலிருந்து குறுக்கே நீட்டிய ஒரு சின்னப் பலகை பல இடங்களில் அதிகம் உதவும்.

"லோகோவைப் பெரிதாக்குங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

பலகையில் ஏதோ பலம் குறைகிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல அவரிடம் இருக்கும் வார்த்தை இது ஒன்றுதான். பின்னணி நிறத்தை அடர்த்தியாக்கிப் பாருங்கள், அல்லது லோகோவைச் சுற்றி நெருக்குபவற்றை நகர்த்திப் பாருங்கள். பாதி நேரம் "இப்போ பெரிசா இருக்கு" என்பார், நீங்கள் அதைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். புதுத் தொழில் என்றால் அந்தச் சின்னத்தை இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியாத சின்னம் பெரிதாக இருந்தாலும் எதையும் சொல்லாது, பெயர்தான் சொல்லும்.

சிவப்பு எழுத்து, நீலப் பின்னணி கேட்கிறார். அவருடைய நிறுவன நிறம் அதுதானாம்.

இரண்டும் அழகான நிறங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டை. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் கண்ணுக்குள் வேறு வேறு இடத்தில் குவிகின்றன. அதனால் எழுத்து மிதப்பதுபோல, ஓரம் அதிர்வதுபோலத் தெரியும். போதாததற்கு இரண்டின் வெளுப்பும் ஏறக்குறைய ஒன்று. வாசிப்புக்கு வேண்டியது நிற வேறுபாட்டைவிட வெளுப்பு வேறுபாடு.

இதைக் காட்ட ஒரே நிமிடம் போதும். டிசைனைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்து சாம்பலுக்குள் சாம்பலாகக் கரைந்தால் அந்தச் சேர்க்கை வேண்டாம். கணக்காகவே வேண்டுமென்றால், பெயின்ட் கம்பெனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் அது எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று ஓர் எண் கொடுக்கின்றன. வெளிறிய நிறத்தின் எண்ணிலிருந்து அடர்ந்ததன் எண்ணைக் கழித்து, வெளிறியதன் எண்ணால் வகுத்தால் விழுக்காடு கிடைக்கும். 80-ம் 20-ம் என்றால் 75 விழுக்காடு. 70-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

நிறுவன நிறத்தை விட வேண்டியதில்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே தடிமனான வெள்ளை அவுட்லைன் ஓட்டலாம். அல்லது வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து, கீழே சிவப்புப் பட்டை. மூன்று நிறமும் இருக்கும், சண்டை இருக்காது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் 8 விழுக்காடு வரை, மற்ற பல இடங்களில் கொஞ்சம் குறைவு. பச்சையில் சிவப்பு எழுதினால் அவர்களுக்கு அது வெறும் பலகை.

வெயிலில் நிற்கும் பலகை என்றால் அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளுக்கும். அவை இரண்டும் சேர்ந்ததுதான் அச்சுச் சிவப்பு. சில வருடத்தில் சிவப்பு எழுத்து ரோஸாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பின்னால் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

இரவில் பளீரென்று எரிய வேண்டும் என்கிறார்.

பளீர் என்பதற்கும் தெளிவு என்பதற்கும் தூரம் உண்டு. ஒளிரும் எழுத்து இருட்டில் ஊதிப்பெருத்துத் தெரியும். பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், சுழிகள் அடைந்துவிடும். பகலில் அழகாக நிற்கும் தடித்த எழுத்து இரவில் ஒளிக்கட்டியாகிவிடுவது இதனால்தான். எரியும் எழுத்து என்றால் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கி, இடைவெளியைக் கூட்டி வைக்க வேண்டும். நீல விளக்கு தூரத்திலிருந்து மங்கலாகத் தெரியும், அது கண்ணின் கோளாறு, எல்இடியின் கோளாறு இல்லை. ஒரே ஓர் எழுத்தைச் செய்து ராத்திரியில் எரியவிட்டுக் காட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது. அந்தச் செலவு எனக்கு ஒருபோதும் நஷ்டமாகத் தெரிந்ததில்லை.

வளைந்து நெளிந்த ஃபான்ட் வேண்டுமாம். அல்லது ஆங்கிலத்தில் எல்லாமே பெரிய எழுத்தாம் (கேபிடல்).

நெளிந்த எழுத்துக்கு ஓர் இடம் உண்டு: மூன்று நான்கு எழுத்துக்குள் அடங்கும் பெயர், பெரிய அளவு, நின்று பார்க்கும் தூரம். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதே எழுத்தில் கேட்டால்தான் நான் மறுப்பேன்.

பெரிய எழுத்து விவகாரம் அவ்வளவு நேர்கோடாக இல்லை. பிரிட்டனில் சாலைப் பலகைகளைப் புதிதாக வடிவமைத்தபோது இதே சண்டை பெரிய அளவில் நடந்தது. ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் சின்ன எழுத்துகள் கலந்த எளிய எழுத்துருவைக் கொடுத்தார்கள். கல்லில் எழுத்துச் செதுக்குவதில் பேர் பெற்ற டேவிட் கிண்டர்ஸ்லி, முழுக்கப் பெரிய எழுத்துதான் நன்றாக வாசிக்க வரும் என்று வாதாடித் தன் எழுத்துருவைக் கொடுத்தார். விமான தளத்தில் ஆட்களை உட்காரவைத்து, பலகை மாட்டிய காரை அவர்களை நோக்கி ஓட்டிச் சோதித்தார்கள். கிண்டர்ஸ்லியின் எழுத்து மிகச் சிறிய வித்தியாசத்தில் முன்னால் வந்தது. ஆனாலும் தோற்றத்தைப் பார்த்து மற்றதையே தேர்ந்தெடுத்தார்கள். 1965 முதல் அந்நாட்டுச் சாலைகளில் நிற்பது அதுதான்.

ஆகவே "பெரிய எழுத்தை வாசிக்கவே முடியாது" என்று வாடிக்கையாளரிடம் அடித்துப் பேசாதீர்கள். ஒற்றைச் சொல் என்றால் பெரிய எழுத்து தாராளமாக ஓடும். மூன்று நான்கு சொல் சேர்ந்து வரும்போது ஒரே உயரச் சுவர்போல் நிற்கும், அப்போது சின்ன எழுத்து கலந்தால் நல்லது. அவ்வளவுதான் உண்மை.

தமிழும் ஆங்கிலமும் சமமாக இருக்க வேண்டும் என்கிறார். ஏன் சமமாகத் தெரியவில்லை?

ஒரே ஃபான்ட் சைஸ் கொடுத்தால் தமிழ் சின்னதாகத் தெரியும். மேலே விலங்குக்கும் புள்ளிக்கும், கீழே உகர வளைவுக்கும் இடம் ஒதுக்குவதால் எழுத்தின் உடம்பு சுருங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்துத் தமிழைப் பெரிதாக்குங்கள், எண்ணைப் பார்த்து வேண்டாம். அதே பெயர் தமிழில் நீளமாக ஓடும், அதற்கும் அகலம் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரத் தமிழைப் பக்கவாட்டில் நெருக்குவது பலர் செய்கிற பாவம். அதைவிட ஆங்கிலத்தைச் சின்னதாக்கிவிடலாம்.

எழுத்தை நிமிர்த்தி, அதாவது பலகையிலிருந்து எழும்பி நிற்கும்படி, வெட்டி ஒட்டும் வேலையில் தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. தனியாக வெட்டி, தனியாகப் பொருத்தி, எரிய வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒயரும் இழுக்க வேண்டும். முதலில் விழுவதும் அதுதான். விழுந்தால் சொல்லே மாறிவிடும். புள்ளியை எழுத்தோடு தொட்டபடி வரையலாமா என்று கேட்டுப் பார்ப்பேன், ஒப்புக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம்.

டிசைன் மென்பொருளில் 'கொ' என்பது உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதையும் பழைய எழுத்துருவால் வரி முழுதும் குழம்பிப்போவதையும் கவனியுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் வெட்டும் மெஷினில் நின்றால் அது அப்படியே வெளியே வரும்.

மகன் செய்த டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதையே போடுங்கள்" என்கிறார்.

டிசைனைக் குறை சொன்னால் மகனைக் குறை சொன்னதாகிவிடும். ஃபைலைப் பற்றி மட்டும் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும். 12 அடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக உடையும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் "பெரிய அளவுக்குத் திரும்ப வரைய வேண்டியிருக்கிறது" என்று சொல்லி அதற்குத் தனியாகக் காசு சொல்லுங்கள். திரும்ப வரையும்போது இடைவெளியையும் கோட்டுத் தடிமனையும் சரிசெய்துவிடலாம். மகனுடைய யோசனை அப்படியே இருக்கும். பையன் பெயரைச் சொல்லிப் பாராட்டவும் செய்யுங்கள், பல சமயம் அவன் யோசனை உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கிறது என்கிறார். சுவரில் ஏறினால் எப்படி இருக்கும் என்று எப்படிக் காட்டுவது?

திரையில் காட்டாதீர்கள். திரையில் எந்த எழுத்தும் பெரிதாகத்தான் இருக்கும். டிசைனை ஏ4 தாளின் நீளவாக்கில் முழுதாக அச்செடுங்கள், ஏறக்குறைய ஓரடி வரும். அதைச் சுவரில் ஒட்டி 10 அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். 12 அடிப் பலகையை 120 அடியிலிருந்து பார்ப்பதும் இதுவும் கண்ணுக்கு ஒன்றுதான். இருபது அடி தள்ளி நின்றால் 240 அடி. கையில் பிடித்துப் படித்தவர், பத்தடி தள்ளிப் போனதும் "போன் நம்பர் தெரியலையே" என்பார். இந்த வாக்கியம் என் வாயிலிருந்து வருவதைவிட அவர் வாயிலிருந்து வந்தால் பலன் பத்து மடங்கு.

கடையின் புகைப்படத்தில் பலகையைப் பொருத்திக் காட்டுவதும் நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தை நேர் எதிரே நின்று எடுக்காமல், தெருமுனையிலிருந்து, குறுக்கே கம்பமும் மரமும் இருந்தால் அவற்றோடேயே எடுங்கள்.

அவர் ஒன்று சொல்கிறார், அவர் பங்காளி ஒன்று சொல்கிறார், மனைவி இன்னொன்று. யார் பேச்சைக் கேட்பது?

முதல் நாளே, "முடிவு சொல்லப்போவது யார்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் கருத்துச் சொல்லட்டும், கையெழுத்து ஒருவருடையது. நான்கு பேர் விருப்பத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து செய்த பலகை நான்கு பேருக்கும் பிடிக்காமல் போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. அப்புறம்?

ஒருமுறை வாயால் சொல்லுங்கள், ஒருமுறை எழுத்தில் அனுப்புங்கள். "இந்த அளவில் கீழ்வரி 20 அடிக்கு மேல் தெரியாது. உங்கள் விருப்பப்படி செய்கிறோம்." இவ்வளவு போதும். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு, அவர் கேட்டதை உங்களால் முடிந்த அளவு நன்றாகச் செய்யுங்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று நிரூபிப்பதற்காக மோசமாகச் செய்கிறவர்களும் உண்டு. அது அசிங்கம்.

அச்சுக்குப் போகும் முன் இறுதிப் படத்தில் கையெழுத்து வாங்குவதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அளவு, நிறம், மெட்டீரியல், எழுத்துப்பிழை இல்லை என்ற உறுதி எல்லாம் அதே தாளில் இருக்கட்டும். தொலைபேசி எண்ணை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் எது பலகையைச் சேர்ந்தது, எது சும்மா காட்டுவதற்கு என்றும் குறித்துவிடுங்கள். நியூயார்க் சுரங்க ரயிலுக்கு மாசிமோ விக்னெல்லியும் பாப் நூர்டாவும் 1960-களின் பிற்பகுதியில் பலகை வடிவமைத்தபோது, மேலே ஒரு கறுப்புப் பட்டை வரைந்திருந்தார்கள். பலகையைத் தாங்கும் உலோகச் சட்டத்தைக் குறிப்பது அது. செய்த பட்டறைக்காரர்கள் அதையும் டிசைன் என்று நினைத்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்தக் கோடு நிலைத்துவிட்டது, இன்றும் அந்த ரயில் பலகைகளின் அடையாளமே அதுதான். அவர்களுக்கு அதிர்ஷ்டம். நமக்கு அப்படி ஒன்று நடந்தால் பலகை திரும்பி வரும்.

எதற்கெல்லாம் கண்டிப்பாக மறுக்க வேண்டும்?

அழகுக்காக நான் ஆர்டரை விட்டதில்லை. விட்டது மூன்று காரணங்களுக்காக.

சுவர் தாங்காது என்று தெரிந்தும் பெரிய பலகை கேட்டால் செய்ய மாட்டேன். பலகையைக் கீழே இழுப்பது அதன் எடை, பிய்த்துக்கொண்டு போவது காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பலகைமேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். "பக்கத்துக் கடையில் இதே அளவு மாட்டியிருக்கிறார்களே" என்பதற்கு நான் பதில் சொல்வதில்லை. மின்வேலையில் காசு மிச்சம் பிடிக்கச் சொன்னாலும் இதே கதைதான்.

அவசர வழியை மறைப்பது, சாலைப் பலகைபோல் தோன்றி வண்டியோட்டியைக் குழப்புவது இரண்டாவது.

மூன்றாவது, "அந்தக் கடை போர்டு மாதிரியே வேண்டும்." மாதிரி என்றால் என்ன என்று முதலில் கேளுங்கள். அதன் தெளிவு பிடித்திருக்கலாம், விளக்கு பிடித்திருக்கலாம். அதை எடுத்துக்கொள்ளலாம். சின்னத்தையும் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே எடுத்து ஆட்களை ஏமாற்றுவதென்றால் வழக்கு அவருக்கு மட்டும் வராது.

வாடிக்கையாளர் சொன்னதே சரியாகப் போன சந்தர்ப்பம் உண்டா?

நிறைய. ஒன்று இன்னும் உறுத்துகிறது. பூட்டுச் சாவி வேலை செய்யும் ஒரு பெரியவர், ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் சாவி வெட்டி வாசலுக்கு மேல் தொங்கவிடச் சொன்னார். பெயர்கூட முக்கியமில்லை என்றார். எனக்கு அது குழந்தை விளையாட்டாகப் பட்டது. மெல்லிய எழுத்தில் நேர்த்தியான ஒரு பலகையை வரைந்து எடுத்துக்கொண்டு இரண்டு முறை போய்ப் பேசினேன். அவர் அசையவில்லை. சாவியைச் செய்துகொடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். சில மாதத்தில் அந்தத் தெருவில் யாருக்காவது வழி சொல்லும்போதே "பெரிய சாவி தொங்குதே, அதுக்கு அடுத்த கட்டடம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் உலகெங்கும் கடைகள் பொருளைத்தான் தொங்கவிட்டன. முடிதிருத்துபவரின் கோடு போட்ட கம்பமும் அடகுக்காரரின் மூன்று உருண்டைகளும் ஐரோப்பாவில் அப்படி வந்தவைதான். தொழிலில் இருக்கும் எனக்கு அது மறந்துபோயிருந்தது, பெரியவருக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு, ஒருவர் மூன்றாவது முறையும் ஒன்றையே சொன்னால் என் படத்தை மடித்து வைத்துவிட்டு அவர் பேச்சைக் கேட்கிறேன்.

நான் போர்டு செய்யக் கொடுப்பவன். உங்களிடம் என்ன சொன்னால் நல்ல பலகை கிடைக்கும்?

எப்படி இருக்க வேண்டும் என்பதைவிட, என்ன நடக்க வேண்டும் என்று சொல்லுங்கள். "தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள்", "விலை அதிகம் என்று நினைத்து உள்ளே வர மாட்டேன் என்கிறார்கள்", "மாலையில்தான் எனக்கு வியாபாரம்." இப்படி ஒரு வாக்கியம் நாலு மாதிரிப் படத்தைவிட எனக்கு உதவும்.

1913-இல் லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்தில் வணிக மேலாளராக இருந்த ஃபிராங்க் பிக் இதைத்தான் செய்தார். நிலையச் சுவர்களில் விளம்பரங்கள் மண்டிக் கிடந்தன, நிலையத்தின் பெயரே அதற்குள் தொலைந்துபோனது. எழுத்துக் கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டனிடம் அவர் கேட்டது, விளம்பர எழுத்தோடு யாரும் குழப்பிக்கொள்ள முடியாத ஓர் எழுத்து. வளைவு இப்படி, தடிமன் அப்படி என்பதையெல்லாம் ஜான்ஸ்டனிடம் விட்டுவிட்டார். 1916-இல் புழக்கத்துக்கு வந்த அந்த எழுத்துகள் சில திருத்தங்களோடு இன்றும் அங்கே இருக்கின்றன.

பிடிக்காததையும் சொல்லுங்கள், ஆனால் "ஏதோ சரியில்லை" என்று நிறுத்தாதீர்கள். எந்த இடம் என்று விரலை வைத்தால் போதும், காரணம் கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

மாட்டிய பிறகு எனக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா?

பத்து நாள் பொறுத்துச் சொல்லுங்கள். புதுப் பலகை முதல் இரண்டு நாள் யாருக்கும் பெரிதாகவோ வெறுமையாகவோதான் தெரியும். பத்து நாளுக்குப் பிறகும் உறுத்தினால், வாருங்கள், இருவரும் தெருமுனையில் போய் நின்று பார்ப்போம். அங்கிருந்து வாசிக்க வரவில்லை என்றால் தப்பு என்னுடையது, என் செலவில் மாற்றுகிறேன். வாசிக்க வருகிறது, நிறம்தான் பிடிக்கவில்லை என்றால் ஸ்டிக்கர் ஒட்டிய பலகையில் குறைந்த செலவில் மாற்றலாம். நிமிர்த்தி வெட்டிய எழுத்து என்றால் அநேகமாகப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் கையெழுத்துப் போடும் முன் உங்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்கிறேன்.